குண்டு பல்பு இல்லாத ஊர்

இந்தப் பையைக் கொஞ்சம் அக்கட்ட தள்ளிக்கறீங்களா அம்மணி. ஆமாங்க, கீழயே இருக்கட்டும். இந்த டப்பாவை மட்டும் கீழ வெக்க மாட்டனுங்க, இட்லி இருக்குது. நீங்க சன்னலோரமே உக்காந்துக்குங்க. இருபத்தேழு வளைவு எறங்கோணும், மலைக்குப் புதுசா வந்தவங்களுக்குக் கொமட்டும். எனக்கு ஒண்ணும் ஆகாது. கல்யாணமாகி முப்பது வருசமா ஏறி எறங்கிட்டிருக்கறன்.

கோபிக்குப் போறனுங்க. அங்க ஒரு மண்டபத்துல மின்சிக்கன விழா. எம்பேரைக் கூப்புட்டுப் பொன்னாடை போத்திக் கேடயம் குடுக்கறாங்க. அழைப்பிதழைப் பாருங்க, தெய்வாத்தாள், ஊக்குநர், மூலைக்காடுன்னு போட்டிருக்குதல்ல. அது நாந்தானுங்க. நாலாவதா இருக்குது. மொதல்லயே போட்டிருக்கலாம். பரவால்ல, நம்மளே கேட்டா நல்லா இருக்காது.

எங்க மலையில பதினோரு ஊருக்கும் சேத்து ஒரு திட்டம் வந்துச்சுங்க, கரண்டை மிச்சம் பண்றதுக்கு. வீட்டுக்கும் உண்டு, சின்னத் தொழில் பண்றவங்களுக்கும் உண்டு. மாவு மில்லுக்காரருக்குப் பழைய மோட்டாரை எடுத்துட்டுப் புது மோட்டார் மாட்டுனாங்க. டீக்கடை ஐஸ்பொட்டிக்குக் கதவு ரப்பர் போட்டுக் குடுத்தாங்க. வீடுகளுக்கு, குண்டு பல்பு ஒண்ணைக் குடுத்தா எல்இடி பல்பு ரெண்டு. பதினோரு ஊர்ல எந்த ஊரு மொதல்ல ஒரு குண்டு பல்புகூட இல்லாத ஊராகுதோ, அந்த ஊருக்குத் தெருவெல்லாம் சோலார் விளக்கு. அந்த ஊரு ஊக்குநருக்குக் கேடயம். அடுத்த வருசம் பதினோரு ஊருக்கும் அவங்கதான் தலைவி.

என்னைய எதுக்கு ஊக்குநராப் போட்டாங்கன்னா, நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ, வீடும் பெருசு. ஆபீசர் தம்பி வந்தா எங்க வீட்லதான் சாப்பாடு. சின்ன வயசு, நல்ல தம்பி. மார்கழி மாசங்க அது. எங்கூருக் குளிர் உங்களுக்குத் தெரியாது. வெடியால புல்லு மேல உப்புக் கொட்டுன மாதிரி பனி கெடக்கும். அந்தக் குளிர்ல எங்கூர்ல ஒருத்தி வீட்லயும் மாவு பொங்காதுங்க. இட்லி ஊத்துனா கல்லுதான். எங்க வீட்ல மட்டும் பஞ்சாட்டம் இருக்கும். அந்தத் தம்பி ஏழு சாப்புட்டாரு. எப்படீங்கம்மா இந்தக் குளிர்லன்னு கேட்டாரு. கைராசிங்க தம்பின்னு சொன்னன். இன்னைக்கு விழாவுக்கும் போன்ல சொல்லியிருக்கறாரு, அம்மா அந்த இட்லி கொண்டாங்க, பெரிய ஆபீசருக்குக் காட்டோணும்னு. அதுக்குத்தான் இந்த டப்பா.

எங்கூர்ல அறுபத்திரண்டு வீடுங்க. அறுபத்தியொரு வீட்ல மாத்திட்டன். எப்படி மாத்துனன்னு கேக்காதீங்க, வீடு வீடா ஏறி எறங்கி என்ற முட்டி தேஞ்சே போச்சு. நின்னுபோனது ஒரே ஒரு வீடு. அது ஆரு வீடுன்னு நெனைக்கறீங்க? என்ற ஓரவத்தி வீடு. என்ற வீட்டுக்காரரோட தம்பி சம்சாரம், சாந்தாமணின்னு பேரு. வெளியாளு செஞ்சாப் பொறுத்துக்கலாம். சொந்தத்துக்குள்ளயே நமக்குக் குழி வெட்டுனா எப்படீங்க?

கொழுந்தனாரு செத்து மூணு வருசமாச்சு, மாரடைப்பு. குழந்தை குட்டி இல்லை. காரியம் முடிஞ்ச அன்னைக்கே நான் அவகிட்டச் சொல்லிட்டன், சாந்தாமணி, நீ எதுக்குத் தனியாக் கெடக்கறே, எங்கூட்டுக்கே வந்துரு, அடுப்படி இருக்குது, மாடு ரெண்டு இருக்குது, உனக்கும் பொழுது போகும்னு. எனக்கும் முட்டி வலி, உக்காந்தா எந்திரிக்க முடியாது, கூலிக்கு ஆளும் கெடைக்கறதில்லை. ரெண்டு பேருக்கும் நல்லதுக்குத்தான் சொன்னன். அவ என்ன சொன்னாங்கறீங்க?

"தோட்டத்துச் சாளையிலயே இருந்துக்கறனுங்கக்கா. என்ற கையால ஒலை வெச்சுச் சோறாக்கிச் சாப்புட்டா அவரு கூட இருக்கற மாதிரி இருக்குமுங்க."

சாளைன்னா பெருசா ஒண்ணுமில்லீங்க, ஒத்தை ரூம்பு, மேல தகரம். அதுல இருந்துட்டு எனக்கு அந்தப் பேச்சு. அதை மனசுல வெச்சுக்கிட்டன். மூணு வருசம் கூலிக்குப் போனா. எங்க தோட்டத்துக்கு வராம அடுத்தவங்க தோட்டத்துக்குப் போனா, அதையும் பாத்துட்டு இருந்தன். அப்பறம் இந்த மார்கழியில காதுல கெடந்த கம்மலை வித்து நாட்டுக்கோழிக் குஞ்சு முந்நூறு எறக்கிட்டா. மூணு மாசம் வளத்து வித்தாப் போதும், ஆருகிட்டயும் போய் நிக்க வேண்டாம்னு டீக்கடையில சொல்லியிருக்கறா. ஆருகிட்டயும்னா ஆருங்க? என்னையத்தான.

சாளைக்குள்ள தகரத்தை வளைச்சு வட்டமா வேலி கட்டி, உமியைப் பரப்பி, நடுவால ஆறு குண்டு பல்பைத் தாழத் தொங்க உட்டிருந்தா. ஒவ்வொண்ணும் நூறு வாட்ஸ். நான் எல்இடியை எடுத்துட்டுப் போறன், குஞ்சுக அந்தப் பல்புக்கு அடியில வட்டமா உக்காந்திருக்குது. அழகாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. கழட்டு சாந்தாமணின்னன். கையைப் புடிச்சுக்கிட்டா.

"அக்கா, இது வெளிச்சத்துக்கு இல்லீங்க. சூட்டுக்கு. ரெக்கை மொளைக்க இன்னம் பன்னண்டு நாளாகும். அது வரைக்கும் உட்டுருங்க, அப்பறம் நானே கழட்டிக் கொண்டாந்து உங்க கையில குடுத்தர்றன்."

பன்னண்டு நாளாம். கணக்கெடுப்பு வெள்ளிக்கெழமை. பக்கத்து ஊரு தொட்டிக்காட்டுல ரெண்டே வீடுதான் பாக்கின்னு சேதி. இவ குஞ்சுக்கு ரெக்கை மொளைக்கறதுக்கா பதினோரு ஊரு காத்திருக்கும்? நான் பொறுமையாத்தான் சொன்னன். எல்இடி இன்னம் வெளிச்சம் சாந்தாமணி, குஞ்சு நல்லாத் தீனி தின்னும்னு சொன்னன். அவ தலையைத் தலையை ஆட்டறா, வேண்டாங்கக்கா வேண்டாங்கக்கான்னு. முந்நூறு குஞ்சு போனாலும் போகட்டும், எங்கூட்டுக்கு வந்துரு, உனக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டன்னுகூடச் சொன்னன். எந்த ஓரவத்தி சொல்லுவா? அதுக்கும் தலையைத்தான் ஆட்டுனா.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சுங்க. ஆபீசர் தம்பிக்குக்கூட வரலை. ஊர்ல பல பேரு பழைய பல்பைக் குடுத்த மாதிரி குடுத்துட்டு, மேல பரண்ல ரெண்டு மூணு ஒளிச்சு வெச்சிருக்கறாங்கன்னு பேச்சு. கணக்கு எடுக்கறவங்க பரண்ல ஏறிப் பாக்க முடியுமா? அதனால வியாழக்கெழமை பொழுதோட, இருட்டற நேரத்துல ஊரைக் கூட்டி மாரியாத்தா கோயல் முன்னால சூடம் வெச்சன். வீட்டுக்கு ஒருத்தர் வந்து, என்ற வீட்ல குண்டு பல்பு இல்லைன்னு சொல்லிச் சூடத்தைக் கையால அடிச்சு அணைக்கோணும். எங்கூர்ல வாய்க்காத் தகராறா இருந்தாலும் கோழி திருடுனதா இருந்தாலும் இதுதானுங்க கடைசித் தீர்ப்பு. பொய்ச் சத்தியம் பண்ணுனவன் கை வெளங்காதுன்னு பயம்.

மொதல்ல நான் அடிச்சன். ஊக்குநர்னா முன்னால நிக்கோணுமல்ல. ஓங்கி ஒரு அடி, சூடம் அணைஞ்சுது. அடுத்தாப்புல டீக்கடைக்காரர் வந்தாரு, கையை ஓங்குனாரு, எறக்கிட்டு வீட்டுக்கு ஓடுனாரு, ரெண்டு பல்போட திரும்பி வந்தாரு. ஊரே சிரிச்சுது. இப்படியே அங்கொண்ணு இங்கொண்ணா ஒம்பது பல்பு வெளிய வந்துச்சு. எனக்கு அவ்வளவு பெருமை. தெய்வத்துக்குப் பயந்த ஊருங்க எங்கூரு.

கடைசியா சாந்தாமணி. சூடம் எரியுது, இவ நிக்கறா. கையைத் தூக்குனா. பக்கத்துல நின்ன மில்லுக்காரர் சம்சாரம் காதுகிட்டப் போயி, பொய்யைச் சொல்லி அடிச்சுட்டுப் போயேன் சாந்தாமணி, வாயில்லாச் சீவனுக்குத்தான, ஆத்தா மன்னிச்சுக்குவான்னு சொன்னது எனக்கே கேட்டுது. நானும் அப்படித்தான் நெனச்சன். உங்ககிட்ட மறைக்கறதுக்கென்ன, அவ பொய்ச் சத்தியம் பண்ணுவா, நாளைக்கு ஆபீசரோட போயிக் கையும் களவுமாப் புடிக்கலாம்னுதான் நின்னுட்டிருந்தன். அவ கையை எறக்கிட்டா. ஆத்தா முன்னாடி என்னால முடியாதுங்கன்னு சொல்லிட்டுத் திரும்பி நடந்தா. சாளைக்குப் போயி ஆறு பல்பையும் கழட்டி முந்தானையில போட்டுக் கொண்டாந்தா. நான் வாங்கறப்பக் கை சுட்டுதுங்க. இன்னம் சூடு ஆறலை.

அத்தனை பல்பையும் சாக்குல போட்டு, வாயைக் கட்டி, ஒலக்கையில நாலு போடு போட்டம். நொறுங்கற சத்தம் கேட்டு ஊரே கை தட்டுச்சு. சும்மா சொல்லக் கூடாது, ஆறுக்குப் பன்னண்டுன்னு எண்ணி அவ கையில எல்இடியைக் குடுத்தன். ஒண்ணுகூடக் கொறைக்கலை. போறப்ப அடுப்புக்கரி கொஞ்சம் குடுங்கக்கான்னு கேட்டா, சட்டியில போட்டு வெக்கறதுக்கு. ஒரு மொறம் குடுத்தனுங்க. இல்லைன்னு சொல்லலை.

வெடியாலப் போயிப் பாத்தன். கணக்கெடுக்க வர்றவங்களுக்கு முன்னால எல்லாம் சரியா இருக்குதான்னு பாக்கோணுமல்ல. சாளைக் கதவு தொறந்து கெடந்துச்சு. ஆறு எடத்துலயும் எல்இடி பல்பு எரிஞ்சுட்டு இருந்துச்சு. குஞ்சுக பூராவும் ஒரு ஓரத்துல குமிஞ்சு கெடந்துச்சுங்க. குளிர் தாங்காம ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்திருக்குது. மேல இருந்ததெல்லாம் தூங்கற மாதிரி இருந்துச்சு, அடியில இருந்ததெல்லாம் தட்டையா இருந்துச்சு. அந்த வெளிச்சத்துல ஒவ்வொரு குஞ்சோட மூக்கும் நகமும் அவ்வளவு துல்லியமாத் தெரிஞ்சுதுங்க. அது நல்ல பல்புங்க, அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது.

அவ நடுவால உக்காந்திருந்தா. கரிச்சட்டி அணைஞ்சு கெடக்குது. முந்தானைக்குள்ள கொஞ்சத்தைப் போட்டு வயித்தோட சேத்துப் புடிச்சிருந்தா. அழுகலை. அழுதிருந்தா நானும் கூட உக்காந்து அழுதிருப்பன், எனக்கு எளகுன மனசு. அழுகாதவகிட்ட நான் என்ன பண்றது? வீட்டுக்காரரைக் கூப்புட்டு மம்முட்டியோட அனுப்பிக் குழி வெட்டச் சொன்னன். அந்த ஒதவியைக்கூட ஆரும் பேசறதில்லை.

பொழைச்சது பதினொண்ணு. ஆபீசர் தம்பி வந்தவரு சாளையைப் பாத்துட்டு மொகம் செத்துப்போனாரு. ஏனுங்கம்மா, சூட்டுக்கு வெச்சிருக்கற பல்பைத் தொட வேண்டாம், அது கணக்குல வராதுன்னு நான் குடுத்த திட்டத் தாள்லயே கடைசி வரியில போட்டிருக்குதே, ஊருக்குப் படிச்சுக் காட்டலீங்களான்னாரு. படிச்சனுங்களேன்னன். அந்த வரி பொடி எழுத்துங்க. படிக்கறப்பக் கண்ணாடியைக் கழட்டி வெச்சிருந்தன். சரி, கண்ணாடி போட்டிருந்து படிச்சிருந்தா மட்டும்? ஒருத்திக்கு உட்டா ஊரே எனக்கும் உடு எனக்கும் உடுன்னு வந்து நிக்கும். ஒரு சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணாத்தான் இருக்கோணும்.

சோலார் விளக்கு வந்துருச்சு. தொட்டிக்காட்டுக்காரங்க வாயைப் பொளந்துட்டு நிக்கறாங்க.

சாந்தாமணி இப்ப எங்க வீட்லதானுங்க இருக்கறா. பின்ன எங்க போவா? மிச்சக் குஞ்சைக் கூடையில போட்டுட்டு ஒரு நாள் வெடியால வந்து நின்னா. நான் ஒரு வார்த்தை பழசைப் பேசலை. அன்னைக்கே வந்திருக்கலாமல்லன்னு மட்டும் கேட்டன். அடுப்படியும் மாடும் இப்ப அவ பொறுப்பு. என்ற முட்டிக்கு நல்ல ஓய்வு. இந்த இட்லி அவ ஊத்துனதுதான். கை சுத்தம், அதைச் சொல்லியே ஆகோணும்.

ஆனா ஒண்ணுங்க அம்மணி. அவளை நெனச்சா எனக்கு வயித்தெரிச்சலா இருக்குது. ஏன்னு சொல்றன். நீங்க எங்கூரு இல்லை, உங்ககிட்டச் சொல்லலாம்.

எங்க அடுப்படியில பழைய மரப்பொட்டி ஒண்ணு இருக்குது, கதவு வெச்சது. மாவாட்டுன குண்டாவை ராத்திரி அதுக்குள்ளதான் வெக்கறது. உள்ள ஒரு பல்பு எரியும். குண்டு பல்புதான். நாப்பது வாட்ஸ்தான், நூறெல்லாம் இல்லை. அது வெளிச்சத்துக்கு இல்லீங்க. சூட்டுக்கு. அந்தச் சூடு இல்லாட்டி மார்கழியில மாவு எப்படிப் பொங்கும், நீங்களே சொல்லுங்க. சத்தியம் பண்ணுனியேன்னு கேப்பீங்க. என்ற வீட்ல இல்லைன்னுதான சொன்னன். பொட்டிக்குள்ள இருக்கறது வீட்ல இருக்கறதா? ஆத்தாளுக்கு இதெல்லாம் தெரியும். இந்தா பாருங்க என்ற கை, நல்லாத்தான இருக்குது.

அவ வந்த அன்னைக்கு அந்தப் பல்பைக் கழட்டி ஒளிக்க நான் மறந்துட்டன். குண்டாவை வெக்கறதுக்குப் பொட்டியைத் தொறந்துட்டா. தொறந்தவ அப்படியே நின்னா. நான் முருங்கைக்கீரை உருவிட்டு உக்காந்திருக்கறன். கத்தப் போறா, ஊரைக் கூட்டப் போறா, கேடயம் போச்சுன்னு நெனச்சன். அவ கையை உள்ள நீட்டி அந்தப் பல்புகிட்ட வெச்சுக்கிட்டா. குளிர் காயற மாதிரி. ரொம்ப நேரம் வெச்சிருந்தா. அப்பறம் குண்டாவை வெச்சுக் கதவைச் சாத்திட்டு, பாத்திரம் கழுவப் போயிட்டா. ஒரு வார்த்தை கேக்கலை. அன்னையிலிருந்து தெனமும் அவளேதான் அந்தப் பல்பைப் போடறா, அவளேதான் அணைக்கறா. வாயைத் தொறந்து கேட்டிருந்தா நானும் பதில் சொல்லியிருப்பன். கேக்காம இருக்கறதுக்குப் பேரு திமிருங்க.

இன்னைக்கு வெடியால நடந்ததைக் கேளுங்க. விழாவுக்குப் போறமே, மாவு பொங்கிருச்சான்னு நானே பொட்டியைத் தொறந்தன். உள்ள குண்டாவுக்குப் பக்கத்துல ஒரு தேங்காத்தொட்டி. அதுல பஞ்சு, பஞ்சு மேல ஒரு குஞ்சு. மிச்சமிருந்த பதினொண்ணும் ஒவ்வொண்ணாப் போயி, இது கடைசி. வளரவே இல்லை, காலு வேற நொண்டி. பல்பை ஒட்டிக்கிட்டுக் கண்ணை மூடிக் கெடக்குது. எனக்கு எப்படி இருக்கும்? ஆபீசருக்குக் கொண்டுபோற மாவுங்க. எச்சம் கிச்சம் போட்டா என்ன ஆகறது? தொட்டியோட எடுத்து வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில, கெணத்து மேட்டுல வெச்சுட்டு வந்தன். கொல்லலை. வெளியதான் வெச்சன்.

அவ பால் கறந்துட்டு வந்தா. பொட்டியைத் தொறந்து பாத்தா. வெளிய போனா. பனி இன்னம் வெலகலை. கொஞ்ச நேரங்கழிச்சு உள்ள வந்து என்னையப் பாத்தா. இத்தனை நாள்ல அவ என்ற மொகத்தை நேராப் பாத்தது அதுதான் மொதத் தடவை.

"பல்பை அணைச்சர்றனுங்கக்கா. இனி எரிய வேண்டியதில்லை."

மாவுதான் பொங்கிருச்சே, அணைன்னன். அவ்வளவுதானுங்க நடந்தது. அப்பறம் குளிச்சு, இட்லி ஊத்தி, இலை வாட்டி, அவ கையாலயே டப்பாவைக் கட்டிக் குடுத்தா. பெரிய ஆபீசர்கிட்டவே தொறந்து குடுங்கக்கான்னு வாசல் வரைக்கும் வந்து சொன்னா. பாத்தீங்களா, மனசுக்குள்ள பாசம் இல்லாம இல்லை.

பதிமூணாவது வளைவு தாண்டியாச்சு. நீங்க வெடியால ஒண்ணும் சாப்புட்டிருக்க மாட்டீங்க, மொகத்தைப் பாத்தாலே தெரியுது. இருங்க, ரெண்டு இட்லி எடுத்துத் தர்றன். ஆபீசருக்குக் கொறைஞ்சாலும் பரவால்ல. பசிச்ச மொகத்தைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியாது. மேல இலைப் பொட்டலம் ஒண்ணு இருக்குது, பொடியா இருக்கும்.

சித்தெ இருங்க.

அட. இதைப் பாருங்க. பொடி இல்லீங்க. இதையா கட்டி வெச்சிருக்கறா. பொட்டியில இருந்த பல்பு. ஒடையாம, இட்லிக்கு மேலயே, வாட்டுன இலையில சுத்தி. நான் மேடையில நின்னு பெரிய ஆபீசர் முன்னால டப்பாவைத் தொறந்திருந்தா? அந்தத் தம்பி முன்னால, பதினோரு ஊரு முன்னால? பேசாதவ பேசாதவன்னு பாவம் பாத்தனே.

நல்லவேளை, உங்களுக்குக் குடுக்கறதுக்காகத் தொறந்தன். நாலு பேருக்கு நல்லது நெனைக்கற மனசு இருந்தா ஆத்தா கை உட மாட்டான்னு சொல்லுவாங்க, பாத்தீங்களா, காட்டிக் குடுத்துட்டா. இதைத் துணியில சுத்தி என்ற பைக்குள்ள வெச்சுக்கறன். நல்ல பல்பு, இப்பக் கடைகள்ல கெடைக்கறதில்லை. பொழுதோட வந்து மாட்டிக்கலாம். அவளை வந்து பேசிக்கறன், எங்க போயிருவா, போக்கிடம் ஏது?

நீங்க சாப்புடுங்க. பாருங்க எப்படிப் பஞ்சாட்டம் இருக்குதுன்னு. ஏனுங்க அம்மணி, கையிலயே வெச்சிருக்கறீங்க? எதுக்கு எந்திரிக்கறீங்க? முன்னால எங்கீங்க எடம் இருக்குது, நின்னுட்டுத்தான் போகோணும். இன்னம் பதினாலு வளைவு இருக்குதுங்க.